மூடுபனிக்குள் போன ராக்கெட்

கொடைக்கானலில் நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாம் வருடம், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், ஆகாயத்துல ரொம்ப மேல போனா காத்தே இல்லைங்கிறீங்க. அப்ப ராக்கெட்டு எதை ஒதைச்சுக்கிட்டு மேல போகுது?"

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பேப்பரைத் திறந்தால் ராக்கெட். பாடப் புத்தகத்தில் அதற்கு ஒன்றரை வரிதான். நான் ஒரு பலூனை ஊதி, "இப்படித்தான்" என்று சொல்லி விட்டேன். அது சர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றி, பீரோவுக்குப் பின்னால் போய் விழுந்தது. வகுப்பே சிரித்தது. கேள்வி கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். நல்லவேளை, மணி அடித்தது.

அந்த மாதக் கடைசியில் மிஷன் பங்களா ஒன்றிலிருந்த அமெரிக்கக் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. போகும்போது வீட்டுச் சாமான்களையெல்லாம் புல்வெளியில் பரப்பி விற்றார்கள். நான் இஸ்திரிப் பெட்டி பார்க்கப் போயிருந்தேன். அங்கே அவர்கள் வீட்டுப் பையன் சிவப்பு பிளாஸ்டிக் பொம்மை ஒன்றில் பாதி தண்ணீர் ஊற்றி, சின்ன பம்ப்பால் காற்றடித்து விட்டான். அது யூகலிப்டஸ் மரத்துக்கு மேலே போனது. பீங்கான் தட்டு பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் தலையில் தண்ணீர் தெளித்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். கீழே பாய்ந்தது தண்ணீர், மேலே போனது பொம்மை. இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

பொம்மையை அதற்குள் ஒரு எஸ்டேட் மேனேஜர் வாங்கிவிட்டிருந்தார். குப்பைக் கூடையில் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று கிடந்தது. சோப்புத் தண்ணீர் வந்த காலி பாட்டில். அந்த அமெரிக்க வீட்டு அம்மாளிடம் கேட்டு அதை எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் பாட்டில் எங்களுக்கு அப்போது காணக் கிடைக்காத பொருள். இஸ்திரிப் பெட்டி மறந்தே போயிற்று.

அறைக்கு வந்ததும் என்னோடு தங்கியிருந்த தமிழாசிரியை அக்கா கேட்டார், "இஸ்திரிப் பெட்டி எங்க?"

"ராக்கெட் செய்யப் போறேன்க்கா."

அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல். சற்று நேரம் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "வாணம்னு சொல்லு. நம்ம மொழியில அழகான சொல் கெடக்குல்ல?" என்றார். அவருக்கு அதில் இருந்த ஒரே ஆட்சேபம் அதுதான்.

காற்றடிக்க பம்ப் வேண்டும். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடும் பாயிடம் போனேன். மழை மாதம், சுற்றுலாக்காரர்கள் ஒருவரும் இல்லை. பாய் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வரிசையாக நின்ற பதினைந்து சைக்கிள்களை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டிலுக்குக் காத்தடிக்கச் சொல்லி வந்த மொத ஆள் நீங்கதான் டீச்சர்" என்றவர், பாட்டிலைத் தட்டிப் பார்த்தார். "இது எதுக்கு? நம்மகிட்ட சோடா பாட்டில் இருக்கே, கனமா, கெட்டியா!"

"ஐயோ பாய், கண்ணாடி வெடிச்சா மூஞ்சியெல்லாம் போயிரும்."

"அதுவும் சரிதான்" என்று அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து ரப்பர் அடைப்பான் ஒன்று கொண்டுவந்தேன். பாய் கம்பியைக் காய்ச்சி அதில் துளை போட்டு, பழைய டியூபிலிருந்து வால்வை அறுத்தெடுத்துச் சொருகினார். அடைப்பானை பாட்டிலின் வாயில் இறுக்கிக் கவிழ்த்து வைத்து, பம்ப்பை வால்வில் மாட்டி அடிக்க வேண்டியது. உள்ளே அழுத்தம் தாங்காமல் போகும்போது பாட்டில் அடைப்பானை உதறிவிட்டுக் கிளம்பும். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றினோம். நிறைய ஊற்றினால் நிறைய வேகம் என்பது பாயின் கணக்கு. என்னுடையதும் அதுவே என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நாலைந்து அடிக்கே அடைப்பான் பிதுங்கி, பாட்டில் நின்ற இடத்திலேயே ஒழுகித் தீர்த்தது. பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் புடவை முழங்கால்வரை நனைந்தது. அந்தக் குளிரில் அவர் எழுந்து அறைக்கு நடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தோம். புடவை மாற்றிக்கொண்டு, குடையோடு திரும்பி வந்தார்.

அடுத்து தண்ணீரே இல்லாமல் அடித்தோம். பட்டென்று சத்தம் வந்தது; பாட்டில் முழ உயரம் எம்பி விழுந்தது. "தவளைகூட இதைவிட ஒசரமாத் தாவும்" என்றார் அக்கா, குடைக்குள்ளிருந்து.

மூன்றாவது முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். பாய் அடித்தார், அடித்தார். அடைப்பான் அசையவில்லை. "இன்னும் ஒரு அடி" என்று சொல்லி முழு உடம்பையும் பம்ப்பின் மேல் போட்டார். பாட்டில் கிளம்பியது. மேலே அல்ல. தரையோடு தரையாகச் சீறிப் போய் முதல் சைக்கிளின் ஹேண்டில் பாரில் மோதியது. அந்த சைக்கிள் அடுத்ததன் மேல் சாய்ந்தது. அது அதற்கடுத்ததன் மேல். பதினைந்து சைக்கிளும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், மணி ஒலித்துக்கொண்டே விழுந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி சைக்கிள் விழுந்து சத்தம் அடங்கியதும் பாயின் குரல் கேட்டது.

"எத்தனை அடி போயிருக்கும் டீச்சர்?"

அன்றைக்குத்தான் அவர் எங்களில் ஒருவரானார்.

நேராகப் போக இறகு வேண்டும் என்று புரிந்தது. பரீட்சை அட்டையில் மூன்று இறகு வெட்டி, நனையாமலிருக்க மெழுகு பூசி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் பாட்டிலில் ஒட்டினார் பாய். நிறுத்தி வைக்க ஆய்வக முக்காலி. ஆனால் ஊருக்குள் விடக்கூடாது. எங்கே திரும்பினாலும் பங்களாக்களின் கண்ணாடி ஜன்னல்கள். "கீழ பள்ளங்கிக் கிராமத்துப் பக்கம் போவோம். வெட்டவெளிச் சரிவு இருக்கு. சனிக்கிழமை வெள்ளனே வந்துருங்க" என்றார் பாய்.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி. வந்தது வந்தாயிற்று என்று புல்லில் முக்காலியை வைத்தோம். பாய் பதினெட்டு அடி அடித்தார். பத்தொன்பதாவதில் புஸ்ஸென்று ஒரு சத்தம். எங்கள் மூவர் மேலும் தண்ணீர் தெளிக்க, ராக்கெட் நேராக, அழகாக, மேலே போய் பனிக்குள் நுழைந்தது.

பிறகு ஒன்றும் இல்லை. அக்கா குடையை எங்கள் தலைக்கு மேல் பிடித்தார். அண்ணாந்தபடி காத்திருந்தோம். விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"நூறு அடி டீச்சர். குறையாது."

"ஐம்பது இருக்கும் பாய்."

"எரநூறே போயிருக்கலாம். அதான் இன்னும் வரலை."

"போனதே தெரியலை, ரெண்டு பேரும் அளக்குறீங்க!" என்று அக்கா அதட்டினார். அரைமணி நேரம் இப்படியே கத்தினோம். அப்புறம் மதியம்வரை புல்லைத் துழாவினோம். வெறுங்கையோடு வீடு திரும்பினோம். பாட்டில் போனதைவிட, அது எவ்வளவு உயரம் போனது என்று தெரியாமல் போனதில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த ஞாயிறு சந்தை நாள். பாய் மூச்சிரைக்க எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "டீச்சர், வெரசா வாங்க. மண்ணெண்ணெய்க் கடை வரிசையில நம்ம ராக்கெட்டு நிக்குது!"

ஓடினோம். பள்ளங்கியிலிருந்து பூண்டு விற்க வந்த ஒரு பெண்மணி எங்கள் வெள்ளை பாட்டிலை நீட்டி மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். இறகுகளைக் காணோம்; ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது.

"அம்மா, அது எங்க ராக்கெட்டு" என்றார் பாய்.

"ஒங்களுதுன்னா எங்க பூண்டுக் காட்டுல எதுக்குக் கெடந்துச்சு?"

"நாங்க மேல விட்டோம். அது கீழ வந்துருச்சு."

"மேல விட்டது நீங்க. கீழ போட்டது யாரு?"

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். நான் புவியீர்ப்பு என்று ஆரம்பிப்பதற்குள் அக்கா குறுக்கே புகுந்தார்.

"நாங்க அன்னைக்கு அவ்வளவு தேடுனோமே, நீங்க பாக்கலையா?" என்று அக்கா கேட்டார்.

"பனியில பாக்க எங்க முடிஞ்சுச்சு? காதுலதான் கேட்டேன். மேல நூறுன்னும் எரநூறுன்னும் பெரிய சண்டை. சொத்துத் தகராறு போல, நமக்கு என்ன சோலின்னு இருந்துட்டேன்." அவர் பாட்டிலை லேசாக அமுக்கிக் காட்டினார். "இது நல்லாருக்கு. வெளக்குல ஒரு சொட்டு சிந்தாம ஊத்துது. எறகை மட்டும் குருவி வெரட்டக் கட்டிருக்கேன்."

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அக்கா எங்கள் அறையிலிருந்த மூடி போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொடுத்துவிடுவது. அந்தம்மா பாட்டிலைத் திருப்பித் தருவது. ஆனால் ஒரு நிபந்தனை. வருகிற சனிக்கிழமை அது மேலே போவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

பாய் புதிதாக மூன்று இறகு ஒட்டித் தந்ததும், சனிக்கிழமைக்கு முன்னால் பள்ளி மைதானத்தில் எட்டாம் வகுப்புக்கு ஒருமுறை விட்டுக் காட்டினேன். கேள்வி கேட்ட பெண்ணையே பம்ப் அடிக்க வைத்தேன். தலையோடு நனைந்தபின், "தண்ணியைத்தான் ஒதைச்சுட்டுப் போகுது டீச்சர், புரிஞ்சுருச்சு" என்றாள். எத்தனை கழுவியும் பாட்டிலில் மண்ணெண்ணெய் வாடை போயிருக்கவில்லை. மாலைக்குள் டீச்சர் மண்ணெண்ணெய் ராக்கெட் விட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. தலைமையாசிரியை கூப்பிட்டு விசாரித்தார். வெறும் தண்ணீர்தான் என்று நிரூபிக்க அவர் அறை முன்னால் இன்னொரு முறை விட வேண்டியிருந்தது. பார்த்துவிட்டு, மறுபடியும் விடச் சொல்லி அவரே கேட்டார்.

சனிக்கிழமை பள்ளங்கியில் நல்ல வெயில். பூண்டுக் காட்டு வரப்பில் முக்காலி வைத்தோம். அந்தம்மா பாயிடமிருந்து பம்ப்பை வாங்கிக்கொண்டார். மண்வெட்டி பிடித்த கை. அடி ஒவ்வொன்றும் இடிபோல் இறங்கியது. "போதும்மா, போதும்" என்று நான் சொல்லும்போதே ராக்கெட் கிளம்பிவிட்டது. வெள்ளையாக, வெயிலில் மின்னிக்கொண்டு, வரப்போரத்து மரத்தையெல்லாம் தாண்டி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, திரும்பி, கீழ்க்காட்டுப் பாறையில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அடியோரம் நீளமாகப் பிளந்திருந்தது.

நான் பிளவை விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அந்தம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, இடுப்பிலிருந்த அரிவாளால் நடுவில் ஒரே வெட்டாக வெட்டினார். வாய்ப் பக்கத்துப் பாதியைக் கவிழ்த்துக் காட்டினார். "புனல் ஆச்சு. அந்தத் தகரத்துல ஊத்தத் தோதா இருக்கும்" என்றார். அடிப் பாதியை, பிளவு வழியே தண்ணீர் வடியும் என்று சொல்லி, சுரை விதை போட எடுத்து வைத்துக்கொண்டார்.

எங்கள் கையில் ஆளுக்கொரு பிடி பூண்டு கொடுத்து அனுப்பினார். மதிய பஸ் போய்விட்டிருந்தது. மேட்டில் நடந்தே ஏறினோம்.

"எத்தனை அடி இருக்கும் டீச்சர்?" பாய் ஆரம்பித்தார்.

"எண்பது."

"நூத்தி அம்பது."

அக்கா நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தார். "வாணம் தாண்டுன மரத்தை நெழலை வச்சு அளக்கலாம்ல? அதை யோசிக்காம கத்துறீங்க" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "அடுத்த பாட்டிலுக்கு அந்த மிஷன் ஆஸ்பத்திரியில கேட்டுப் பாக்குறேன். எனக்கு அங்க ஒரு நர்ஸைத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, எங்களை முந்திக்கொண்டு வேகமாக நடந்தார்.