தள்ளி வைத்த வில்லைகள்

ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘பிளேட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் சீழைக் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து, மருந்து தோய்த்த வில்லைகளை மேலே வைப்பாள். மறுநாள் காலை வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டம் தெரிந்தால், அந்த மருந்து பலிக்கும்.

சில கிருமிகள் கள்ளம் பிடித்தவை. மருந்தை முறியடிக்கும் மரபணு உள்ளே இருக்கும். ஆனால் வேலை செய்யாமல் கிடக்கும். ஒரு மருந்து பக்கத்தில் வந்தால்தான் அது விழிக்கும், விழித்தால் இன்னொரு மருந்தையும் செல்லாக்காசாக்கிவிடும். இரண்டு வில்லைகளையும் நெருக்கி வைத்தால் இரண்டாவது மருந்தின் வட்டம் ஒரு பக்கம் மழுங்கி, கிருமியின் குட்டு உடைந்துவிடும்.

“நெருக்கி வெச்சா வட்டமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், அளக்க முடியாது. தள்ளி வை,” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

“சார், அப்புறம் ஒளிஞ்சிருக்கிற ஜீன் தெரியாம போயிடுமே?”

“இங்க டாக்டர் நீயா, நானா?”

அன்றிலிருந்து அவள் தள்ளியே வைத்தாள்.

அந்த வருடம் அவளுடைய தங்கை, தையல்காரி, கால் புண்ணோடு படுக்கையில் விழுந்தாள். சீழ் அக்காவின் மேஜைக்கே வந்தது. இரண்டாவது மருந்தைச் சுற்றி அகலமான, அழகான வட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

“பயப்படாதடி. மருந்து கெடச்சிடுச்சு.”

மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அந்த மரபணு மாறிப்போய், மருந்து பக்கத்தில் வராமலே எப்போதும் விழித்திருக்கும் சில கிருமிகள் மட்டும் மருந்துக்குத் தப்பிப் பெருகின. பதினோராம் நாள் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

தங்கையின் சீழிலிருந்து பத்திரப்படுத்தியிருந்த கிருமியை மறுபடி வளர்த்து, வில்லைகளை நெருக்கி வைத்துப் பார்த்தாள். வட்டம் ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. தட்டைத் தலைவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கழிவு வாளியில் போட்டார்.

“ரிப்போர்ட்ல யார் கையெழுத்து?”

“என்னோடது சார்.”

“அப்ப போய் உன் தங்கச்சிகிட்ட நீயே சொல்லு.”

போய்ச் சொன்னாள். தங்கை சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எனக்கு அப்படித்தான் வெச்சியா?”

அக்கா போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“வெளிய போக்கா.”

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது: ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் தவறு நேர்ந்ததால், இனி வில்லைகளை நெருக்கி வைக்க வேண்டும். கீழே தலைவரின் கையெழுத்து. சுவரில் ஒட்டச் சொல்லி அவளிடமே கொடுத்தார்கள். ஒட்டினாள்.

தங்கை வீட்டுக்கு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் தங்கை புருஷன் கதவைப் பாதி திறந்து, “அவ வீட்ல இல்லக்கா,” என்றான். உள்ளே ஊன்றுகோல் தரையில் தட்டிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது.