பேனாவைக் குனிந்து எடுத்தவர்கள்

விமான நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்து பல வருஷம் ஆகிறது. பெட்டி தள்ளுகிறவரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் ‘சர்க்கரை’தான். அவ்வளவு இனிப்பான பேச்சு. கோபமாக வந்தவன்கூட அவளிடம் இரண்டு நிமிஷம் பேசினால் நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

பத்தொன்பது வருஷமாக மூன்றாம் எண் கவுண்டர். டிக்கெட்டைப் பார்த்து, பெட்டியை எடை போட்டு, போர்டிங் பாஸ் கொடுக்கிற வேலை. ஆனால் விமானக் கம்பெனி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது அதற்காக அல்ல. விமானத்தில் இருப்பது நூற்றெண்பது இருக்கை. தலைமை அலுவலகம் விற்பது நூற்றெண்பத்தெட்டு. எப்படியும் ஏழெட்டுப் பேர் வரமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. எல்லோரும் வந்து நின்றுவிடுகிற நாளில், மிஞ்சுகிறவர்களைச் சத்தமில்லாமல் நிறுத்திவைக்க வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முதலில் மைக்கில் அறிவிக்க வேண்டும் என்பதுதான் விதி. யாராவது இடத்தை விட்டுக்கொடுக்கிறீர்களா, கொடுத்தால் இன்ன நஷ்ட ஈடு, அடுத்த விமானம் இத்தனை மணிக்கு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். “மைக்கைத் தொட்டா, சந்தைக்கடை ஆயிடும்மா” என்று மேலாளர் கையெடுத்துக் கும்பிடுவார். அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

வரிசையை ஒரு நோட்டம் விடுவாள். தனியாக வந்தவராகப் பார்த்து ஒருவரைக் கூப்பிடுவாள். எழுதுகிற சாக்கில் பேனாவைத் தட்டிவிடுவாள். அது மேஜையைத் தாண்டி அவர் காலடியில் போய் விழும். பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்குப் போர்டிங் பாஸ். குனிந்து எடுத்துக் கொடுக்கிறவருக்கு இனிப்பான பேச்சு.

“உங்களைப் பாத்தா எங்க வீட்டு ஆள் மாதிரி இருக்கு. அதான் உரிமையா ஒரு உதவி கேக்கறேன். அடுத்த விமானத்துல பத்திரமா ஏத்தி விடறது என் பொறுப்பு.”

அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்று, அவர் தலையாட்டுகிற வரைக்கும் சொல்லமாட்டாள். குனிந்து எடுக்கிற மனுஷன் கத்தமாட்டான், புகார் எழுதமாட்டான். ஒருநாளும் தப்பியதில்லை. போன வருஷம் அவளை வேறு ஊர்க் கிளைகளுக்கு அனுப்பிப் புதுப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அவர்களும் சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொண்டார்கள். அவளுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை அவள் விடுப்பு எடுத்திருந்தாள். அக்கா மகள் வருகிறாள். ஒரு தேசத்தில் வேலை முடிந்து, இன்னும் தொலைவான தேசத்துக்குப் போகிறவள், நடுவில் இந்த ஊரில் விமானம் மாறுகிறாள். பத்தரைக்கு இறங்கி மூன்று மணிக்கு ஏற வேண்டும். அதற்குள் தாயும் மகளும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அக்கா தன் ஊரிலிருந்து காலை விமானத்தில் பத்து மணிக்கு வந்துவிடுவாள்.

வெறும் சந்திப்பு என்றால் பரவாயில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது, அக்கா ஆத்திரத்தில், “வாசப்படி தாண்டினா இனி உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். மகள் தாண்டினாள். அன்றிலிருந்து தொலைபேசியில் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு சரி. நேரில் பார்த்துக் கையைப் பிடித்து, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும் என்று அக்கா தவித்துக்கொண்டிருந்தாள். குளிர் தேசத்துக்குப் போகிறவளுக்கு நீலக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னியிருந்தாள். மகளுக்கு அடுத்த விடுப்பு மூன்று வருஷம் கழித்துத்தான்.

எட்டரை மணிக்கு அக்காவிடமிருந்து அழைப்பு.

“ஏண்டி, விமானம் நிறைஞ்சுபோச்சாம். அடுத்ததுல ஏத்திவிடறேன்னுச்சு கவுண்டர் பொண்ணு. சரின்னுட்டேன். இப்ப வந்துரும்ல?”

தங்கைக்கு அந்த நேர அட்டவணை மனப்பாடம். அடுத்த விமானம் வந்து சேர்வது நாலு மணிக்கு. மூன்று மணிக்கு அந்தப் பெண் பறந்துவிடுவாள்.

“அக்கா, ஏன்க்கா சரின்ன? உன் இடம்க்கா அது! எந்த மனசாட்சி இல்லாதது உன்கிட்ட அப்படிக் கேட்டுச்சு?”

கேட்கும்போது அவளுக்கு உண்மையாகவே ரத்தம் கொதித்தது. அக்கா ஊரில் இருந்த தன் கம்பெனிக் கிளைக்கு நாலு தடவை பேசினாள். கதவு மூடியாகிவிட்டது என்றார்கள்.

அக்கா மகள் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “சித்தி, அம்மா எங்க?”

விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். “வரப் பிடிக்கலைன்னா நேரா சொல்லலாமே சித்தி. எதுக்கு விமானத்து மேல பழி?”

“ஐயோ, அப்படி இல்லடி கண்ணு.”

“பரவால்ல சித்தி. மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு சொன்னாங்க, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க.”

அக்கா மூன்று தடவை அழைத்தாள். மகள் எடுக்கவில்லை. தங்கை தன் தொலைபேசியை நீட்டியபோதும் தலையை மட்டும் அசைத்தாள். இரண்டு மணிக்கு எழுந்து சித்தியைக் கட்டிக்கொண்டாள். பாதுகாப்புச் சோதனைக்குப் போகிற வழியில் ஒரே ஒருமுறை வருகைப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலு மணிக்கு அக்கா வந்தாள். கையில் கம்பளிச் சட்டைப் பொட்டலம். தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அவங்க மேல புகார் எழுதுவோம்க்கா” என்றாள் தங்கை. “நானே எழுதறேன்.”

“யார் மேலடி? அந்தப் பொண்ணு மேலயா? பாவம், சின்னப் பொண்ணு. கை பதறிப் பேனாவை வேற கீழ போட்டுடுச்சு. நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். ‘உங்களைப் பாத்தா எங்க வீட்டு ஆள் மாதிரி இருக்கு’ன்னுச்சு. எனக்கு மனசே இளகிப்போச்சு.”

எதிரே ஜனங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள், தங்கைக்குச் சத்தமே கேட்கவில்லை. கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய கடிதம் கண்முன் வந்தது.

“யாரோ சொல்லிக் குடுத்ததை அது சொல்லிருக்கும்” என்றாள் அக்கா.

“நான்தான்க்கா சொல்லிக் குடுத்தேன்.”

அக்கா திரும்பினாள். தங்கை தலையை நிமிர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கூடுதலாக விற்பது தலைமை அலுவலகம் என்றாள், மைக்கைத் தொடாதே என்றது மேலாளர் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கூசியது. கடைசியில் பேனாவைப் பற்றிச் சொன்னாள்.

“வித்தது நீ இல்ல, சரி” என்றாள் அக்கா, மெதுவாக. “வாயை மூடச் சொன்னது உங்க மேலாளர், அதுவும் சரி. ஆனா குனிஞ்சு எடுக்கறவங்களாப் பாத்துப் பிடிக்கணும்னு யாருடி சொன்னா?”

அக்காவே மறுபடி கேட்டாள்.

“இத்தனை வருஷத்துல எத்தனை பேரு?”

“தெரியலைக்கா.”

தெரியாது என்பதுதான் அவளைக் கொன்றது. ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. குனிந்த முதுகுகள்தான் வந்தன. அவர்களில் யார் யாருக்காக எந்தக் கதவருகே எவர் காத்திருந்தாரோ? வீட்டுக்குப் போனதும் சட்டத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தாள்.

மறுநாள் காலை அக்காவுக்குத் திரும்பும் விமானம். தங்கைக்கு மூன்றாம் எண் கவுண்டர். அந்த விமானத்திலும் மூன்று பேர் கூடுதல். மேலாளர் வந்து காதோடு, “சர்க்கரை, மூணே மூணு. உனக்கு இதெல்லாம் ஜுஜுபி” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வரிசையில் ஒன்பதாவது ஆளாக அக்கா நின்றாள், மார்போடு பொட்டலத்தை அணைத்துக்கொண்டு.

தங்கை மைக்கை எடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

“எல்லாரும் கேளுங்க. நாங்க இருக்கற இடத்தைவிட அதிகமா வித்துட்டோம். மூணு பேருக்கு இடம் இல்லை. தப்பு எங்களோடது. விட்டுக் குடுக்கறவங்களுக்கு நஷ்ட ஈடு உண்டு. அடுத்த விமானம் சாயங்காலம்தான், அஞ்சரைக்கு. அவசரமாப் போகணும்னா தயவுசெஞ்சு விட்டுக் குடுக்காதீங்க.”

மேலாளர் ஓடி வருவதற்குள் கூட்டம் கவுண்டரைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் மேஜையைத் தட்டினார். “காசு வாங்கிட்டு இடம் இல்லைங்கறீங்களே, வெட்கமா இல்ல உங்களுக்கு?”

தட்டிய வேகத்தில் அவள் பேனா உருண்டு கீழே விழுந்தது. பின்னாலிருந்து யாரோ குனியப் போனார்கள்.

“வேணாம், எடுக்காதீங்க!” என்று அவள் அலறிவிட்டாள்.

கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, அத்தனை பேர் காலுக்கும் நடுவில் மண்டியிட்டுத் தானே பேனாவை எடுத்தாள். நிமிர்ந்தபோது கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அக்கா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புன்னகைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

“இருக்குங்க ஐயா” என்றாள் அவள் அந்தப் பெரியவரிடம். “ரொம்ப வெட்கமா இருக்கு.”