வாரிசுக்கு வராத லைசென்ஸ்

என் கணவர் இறந்து இரண்டு மாதம் ஆனபோது, ஒரு சாயங்காலம், ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று அவருடைய வயர்லெஸ் செட்டை எடுத்துப் பேசினேன். அவருடைய அழைப்புக் குறியைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். அது சட்டப்படி தவறு என்று எனக்கு அப்போது தெரியாது. 

அவர் வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பம். மின்துறையில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேன் வரை வந்தவர். நான் தவளக்குப்பத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். எங்கள் கல்யாணத்தோடு என் பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பிள்ளைகள் இல்லை. உறவு என்று வீட்டுக்கு வந்து போனது அவருடைய தம்பி ஒருவர்தான். அண்ணனைவிட ஆறு வயது சின்னவர், படகு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீனோடு வந்து, "அண்ணி, இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்துவிடுவார்.

என் கணவருக்கு ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு உண்டு. பரீட்சை எழுதி, டெல்லியிலிருந்து லைசென்ஸ் வாங்கி, தன் பெயருக்கென்று ஓர் அழைப்புக் குறி பெற்று, அவரைப் போன்ற மற்றவர்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவது. கடைசிப் பத்து வருடங்களில் செயற்கைக்கோள் மேல் பைத்தியமானார். ஹாம் ஆட்களுக்காகவே மேலே சுற்றும் சிறிய செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அலுமினியக் கம்பிகளைப் பிளாஸ்டிக் குழாயில் செருகி அவரே ஓர் ஆன்டெனா செய்தார். பெரிய மீன் முள் மாதிரி இருக்கும். செயற்கைக்கோள் விழுப்புரம் பக்கம் எழும்பிக் கடல் பக்கம் இறங்குகிற பத்து நிமிடமும் அதைக் கையில் பிடித்தபடி, உடம்பை மெல்லத் திருப்பிக்கொண்டே பேசுவார். நான் துணி மடித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

தெருவில் ஆளுக்கொரு எண்ணம் இருந்தது. எதிர் வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் இருந்தார். பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம், சொல்தா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவர் வந்து, "முசியே, நீங்க என் சாட்டிலைட்டுல பூந்து பேசறீங்க. என் பிரெஞ்சு சானல் கலங்குது" என்றார். என் கணவர் அவரை உட்காரவைத்து விளக்கினார். "உங்க டிஷ் கேக்க மட்டுந்தான் செய்யும். கேக்கறதுக்கு யார்கிட்டயும் போய் நிக்க வேணாம். நான் பதில் பேசறேன். அதுக்குத்தான் லைசென்ஸ். அதுவும் எங்களுக்குன்னு ஒதுக்கின அலையில. உங்க சானல் வேற, என் எடம் வேற."

"அலைக்கற்றைய ஏலத்துல எடுத்தீங்களா?"

"இது ஏலத்துக்கு வராதுங்க. உலக நாடெல்லாம் கூடிப் பேசி எங்களுக்குன்னு விட்டுவெச்சது. வித்துக் காசு பாக்க முடியாது."

"ஆகாசம் யாரு வூட்டு சொத்து? அதுக்கு எதுக்கு டெல்லி லைசென்ஸ்?"

"சாட்டிலைட் ஆகாசத்துல இருக்குது. நான் ரெட்டியார்பாளையத்துலதானே நிக்கறேன்" என்று சிரித்தார். "எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா மேல இருக்கிறதுக்கு யார் பேசறதும் கேக்காது. அதான் ஒழுங்கு வெச்சிருக்காங்க."

சொல்தா நம்பாமலேதான் போனார். நான் மட்டும் என்ன, இதையெல்லாம் கேட்டும் கேட்காமலும்தான் இருந்தேன்.

அந்தப் பத்து நிமிடங்களில் அவர் அதிகம் பேசியது தூத்துக்குடியில் ஒருவரோடு. ஓய்வுபெற்ற தபால்காரர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பேசியதற்குச் சாட்சியாக ஒரு முறை தபாலில் அட்டை அனுப்பிக்கொண்டதோடு சரி. அவர் இவரை அண்ணாச்சி என்பார்; என்னை விசாரிக்கும்போது மயினி, அதாவது அண்ணி. அங்கே மழையா, இங்கே மழையா, உடம்பு எப்படி, அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் செயற்கைக்கோள் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டியவர், "தலை ஒரு மாதிரி இருக்குது" என்றார். அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். கொழுந்தன்தான் எல்லாம் செய்தார். காரியம் முடிந்த அன்று, "அண்ணி, நான் இருக்கறேன்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து நடந்தேன்.

நான் தாலுக்கா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். செத்தவர் பெயரிலிருந்து இருப்பவர் பெயருக்கு எதையும் மாற்றிவிடலாம் என்பதுதான் என் உத்தியோகம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வீடு, மனை, வண்டி, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் மாறும். இதுவும் மாறும் என்றே நினைத்தேன். என் பெயரிலேயே ஒரு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அவருடைய லைசென்ஸ் நகலோடு சேர்த்து, அவருடைய அழைப்புக் குறியை எனக்கு மாற்றித் தரும்படி டெல்லிக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் மாடிக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

முதலில் கேட்க மட்டும்தான் செய்தேன். செயற்கைக்கோள் எந்த நேரத்தில் எழும்பும் என்று அவர் போனிலேயே காட்டும். ஆன்டெனாவைப் பிடித்து, அவர் திரும்பியதுபோல் திரும்புவேன். முதல் சில நாள் வெறும் இரைச்சல். பிறகு கை பழகியது. ஒரு சாயங்காலம் தூத்துக்குடிக்காரர் குரல் வந்தது. என் கணவருடைய குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, "அண்ணாச்சி, இருக்கீயளா? ரெண்டு மாசமா ஆளையே காணலியே" என்றார்.

இறந்தவரை ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக் கூப்பிடுகிறார். இரண்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பேசுகிற பொத்தானைக் கை தானாக அழுத்தியது. அவருடைய குறி எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம். சொன்னேன்.

"யாரு, மயினியா? மயினியா பேசுதிய? அண்ணாச்சி எங்க?"

"அவர் போயிட்டாருங்க" என்றேன். "போன மாசத்துக்கு முந்தின மாசம்."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். "ஐயோ" என்பது மட்டும் கேட்டது. செயற்கைக்கோள் இறங்கிவிட்டது. கையை இன்னும் தாழ்த்திப் பார்த்தேன். இரைச்சல்தான்.

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அட்டையில் இருந்த முகவரிக்கு எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுக்க என் கணவரைப் பற்றி. இரண்டாம் பக்கத்தில், "மதினி, உங்கள் மேல் கோபம் இல்லாமல் சொல்கிறேன். இனி அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். உங்களுக்கு லைசென்ஸ் இல்லை" என்று எழுதித் தன் போன் நம்பரைக் கொடுத்திருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. போன் செய்தேன்.

"நான் அவரோட வாரிசுங்க. சான்றிதழ் கையில இருக்குது."

"மயினி, அண்ணாச்சி மோட்டார் சைக்கிள் உங்க பேருக்கு வரும். அவுக டிரைவிங் லைசென்ஸ் வருமா?"

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் ஒருத்தியும் என்னிடம் வந்து புருஷனின் டிரைவிங் லைசென்ஸை மாற்றித் தரச் சொன்னதில்லை.

"பரீட்ச எழுதுனது அவுக. அதனால அது அவுகளோட முடிஞ்சு போச்சு. இதுல இன்னொண்ணு, வண்டின்னா வீட்டுல சும்மா நிப்பாட்டி வெக்கலாம், இத முடியாது. பேசுத செட்டு லைசென்ஸ் உள்ள ஆளுகிட்டதான் இருக்கணும். நீங்க பரீட்ச எழுதுங்களேன். பொறவு உங்களுக்கே வெச்சுக்கிடலாம்."

எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அவருடைய பரீட்சைப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு எழுதியிருந்தார். நாலாம் பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. மூன்று தடவை முயன்றேன். இதற்கிடையே டெல்லியிலிருந்து பதிலும் வந்தது. தூத்துக்குடிக்காரர் சொன்னதுதான், இரண்டே வரியில். அவருடைய குறி எனக்கு வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் மீனோடு வந்தார். சாப்பிட்டு முடித்து, "அண்ணி, அண்ணன் செட்ட எனக்குக் குடுங்க" என்றார். "போட்டுல வெச்சுக்கறேன். ஆழத்துல போன் எடுக்கறதில்ல. காத்து மழைன்னா வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லலாம். அண்ணன் லைசென்ஸையும் போட்டோ காப்பி எடுத்துக் கூட வெச்சுக்கறேன். யாராவது கேட்டா காட்டிடலாம்."

அந்த லைசென்ஸ் செல்லாது என்றேன். அண்ணன் உயிரோடு இருந்திருந்தாலும் தம்பி கையில் செல்லாது, தொழிலுக்கும் ஆகாது. படகில் பேச வேறு கருவி உண்டு, அதற்கு வேறு அனுமதி உண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது சாட்டிலைட் போன் கொண்டுவந்து கொடுத்தால்கூட வாங்கிவிடாதீர்கள், அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே கேஸ் என்றேன். எனக்கே புதிதாகத் தெரிந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

"கரையத் தாண்டிட்டா எவன் அண்ணி கேக்கப்போறான்? கடல்ல ஏது லைசென்ஸ்?"

"திரும்பக் கரைக்கு வரணும் இல்ல?"

அவர் முகம் மாறியது. "அப்ப அந்த செட்ட இன்னா பண்ணப்போறீங்க?"

"தூத்துக்குடிக்காரர் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. லைசென்ஸ் இருக்குது அவருக்கு."

"எவனோ ஒருத்தனுக்குக் குடுப்பீங்க. கூடப் பொறந்தவனுக்குக் கெடையாது." எழுந்துவிட்டார். "அண்ணன் இருந்திருந்தா குடுத்திருப்பாரு. நீங்க ஆபீஸ் புத்தியக் காட்டறீங்க. நான் கடல்ல கெடந்து செத்தாலும் சட்டந்தான் பேசுவீங்க."

அண்ணன் இருந்திருந்தாலும் கொடுத்திருக்கமாட்டார். எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

தூத்துக்குடிக்காரர் ராத்திரி பஸ் ஏறி, காலையில் வந்து இறங்கினார். ஒல்லியாக, கையில் துணிப்பையோடு, அந்தக் குரலுக்குப் பொருந்தாத ஆளாக இருந்தார். என் கணவர் போட்டோ முன்னால் போய் நின்று, "இதுதான் அண்ணாச்சியா" என்றார். பத்து வருடம் பேசியவர் முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார். செட்டை ஒரு துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டார். நான் வாசல் வரை போனேன். தெருமுனை திரும்பும்வரை நின்றேன். மருத்துவமனையிலிருந்து என் கணவரைக் கொண்டுவந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

முதல் வருடத் தெவசத்துக்குக் கொழுந்தன் வரவில்லை. அவர் மனைவி, என் ஓரகத்தி, மட்டும் வந்து, பேசாமல் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று மாலை தூத்துக்குடியிலிருந்து போன். "மயினி, இன்னைக்குச் சாட்டிலைட்டுல அண்ணாச்சிக்காவ ஒரு நிமிசம் எல்லாரும் பேசாம இருந்தோம். உங்களால கேக்க முடியாதேன்னு சொல்லுதேன்."

"என்னங்க கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கல மயினி."

போன மாதம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனேன். வேறு எங்கேயும் வாங்கலாம். கால் அங்கேதான் போனது. படகு ஓரத்தில் கொழுந்தன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். தலைமுடி நரைத்து, பின்னாலிருந்து பார்க்க அவர் அண்ணன் மாதிரியே இருந்தார். நான் பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஓரகத்தியிடம் போய் நின்றேன். அவள் மீன் எடுக்கத் தட்டில் கைவைத்தபோது அவர் நிமிராமலே குரல் கொடுத்தார்.

"அண்ணிக்கு நல்லதாப் பாத்துப் போடு."

என்னிடம் அவர் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவள் மீனைப் பையில் போட்டுத் தந்தாள். வாங்கிக்கொண்டு, மணலில் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு நின்றேன். திரும்பிப் போய் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தேன். வெயில் ஏறிவிட்டது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.