மூன்று வாரம் என்று சொன்னேன்

என் மனைவிக்கு வந்த நோய் எதைத் தின்றதோ, அதை முப்பத்தோரு வருடம் நான் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். நரம்பிழையைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேல் ரப்பர் இருப்பதுபோல. ஒவ்வொரு வருடமும் மஞ்சள் சாக்பீஸால் அதைப் போட்டுக் காட்டுவேன். தென்காசியில் என்னிடம் உயிரியல் படித்தவர்களில் மருத்துவர்களும் உண்டு. பெருமைக்காக இதை எழுதவில்லை. இவ்வளவு தெரிந்தவன் என்ன செய்தேன் என்று சொல்லத்தான்.

அந்த ஆனி மாதம், தரையில் உட்கார்ந்தால் அவளால் எழ முடியாமல் போயிற்று. செருப்பு வழியில் கழன்றதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு காய்கறிக் கடைக்குப் போய் வந்தாள். வாதம் என்றேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் இடுப்புப் பிடித்தாலும் மூட்டு வலித்தாலும் முதல் வைத்தியம் அருவிதான். மூலிகையில் பட்டு வரும் தண்ணீர் ஓங்கி அடித்தால் நரம்பு இளகும் என்பார்கள். நானும் அதையே சொன்னேன். காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கத்துக்கு அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் ஈரத்தலையோடு வந்தவள் சொன்னாள்: "முதுகுல அடி விழுதது தெரியுது. கால்ல படுத தண்ணி சில்லுன்னு இருக்கா, சூடா இருக்கான்னே தெரியலங்க."

"நல்லா உள்ள போயி நின்னாத்தானட்டி தெரியும்? ஓரத்துல நனைஞ்சிட்டு வந்து பேச்சப் பாரு."

"உள்ள போயி நிக்கதுக்குக் கால் வேணும்லா?"

நான் சிரித்தேன். உணர்ச்சி நரம்பு கெட்டிருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லியிருக்கும். சீசன் முடியும்வரை கூட்டிப் போனேன். ஆவணிக் கடைசியில் அருவிப் பாறையிலேயே விழுந்தாள். யாரோ இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அதற்குள் கைவிரல்களும் மடங்காமல் ஆகியிருந்தன.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் நரம்பு மருத்துவராக வந்து நின்றவள் என் பழைய மாணவி. "சார்!" என்று கும்பிட்டாள். சின்னச் சுத்தியலால் என் மனைவியின் முழங்காலைத் தட்டினாள். கால் துள்ளவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள்.

மூன்று மாதம் அருவியில் நிறுத்தினேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "மூணு வாரமா" என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, நரம்பின் உறையையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. மாணவி இதை எனக்கு விளக்கினாள். மருந்தாக ஏற்றியது ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்துச் சேர்த்த எதிர்ப்புப் புரதம். முகம் தெரியாத அத்தனை பேரின் காவலும் ஒரு பாட்டிலில் தெளிவாக, நிறமில்லாமல் தொங்கியது. அது உள்ளே போனதும் என் மனைவியின் உடம்புக் காவல் அடங்குகிறது. எப்படி அடங்குகிறது என்பதில் பாதி இன்னும் யாருக்கும் புரியவில்லையாம். ஐந்தாம் நாள் அவள் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து சுண்டுவிரலைத் தொட்டது. வாழ்நாளில் நான் நடத்திய பாடமெல்லாம் அந்த ஓர் அங்குல அசைவுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை என்று தோன்றியது.

நடந்துதான் வீட்டுக்கு வந்தாள். ஏழாவது வாரம் மறுபடியும் கால்கள் தளர்ந்தன.

மாணவி அப்போது இந்த நோயில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது அதில் ஒரு பகுதி. ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்கு வந்தாள். இசைக்கவையைத் தட்டி என் மனைவியின் கால் பெருவிரலில் வைத்தாள். அதிர்வு தெரியவில்லை. பிறகு நோட்டைத் திறந்தாள்.

"சார், எட்டு வாரத்துக்குள்ள முத்திட்டா அது ஒரு நோய். அதுக்கு மேலயும் கொஞ்சங்கொஞ்சமா ஏறிக்கிட்டே போனா அது வேற. முதல் நோய்க்கு அநேகமா ஒரு தடவ மருந்து போதும், சிலருக்கு மட்டும் இப்படித் திரும்பும். ரெண்டாவது விடாது, மருந்தத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கணும். அம்மாவுக்கு எதுன்னு தெரியணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எப்பத் தொடங்குச்சு?"

என் மனைவி இனி நடப்பாளா மாட்டாளா என்பது என் வாயில் இருந்தது.

"ஆனி மாசம்" என்றேன்.

பேனா நின்றது. "அப்ப அட்மிட் பண்ணும்போதே..."

"பன்னெண்டு வாரம் இருக்கும். பொய் சொல்லிட்டேன்ம்மா. சீசன் பூரா அருவியில நிறுத்தினேன். நீ என்ன நெனைப்பியோன்னு..."

மாணவி நோட்டில் மூன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினாள். பிறகு என் மனைவிதான், "உண்மையச் சொன்னா அடிக்க மாட்டேம்பாரு, சொன்ன பெறவு அடிப்பாரு. இவரு கிளாசுல இருந்தேல்லா, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"நான் வாங்கியிருக்கேன்மா" என்றாள் மாணவி. இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

"நீ ஏன் அன்னைக்குச் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அந்தப் பிள்ள முன்னால நீங்க முழிச்சுக்கிட்டு நிக்கதப் பாக்கச் சகிக்கல. எந்திரிச்ச பெறவு பேசிக்கிடுவோம்னு விட்டுட்டேன்."

மருந்து மாறியது. மாத்திரையோடு சில வாரங்களுக்கு ஒருமுறை பாட்டிலும் ஏறுகிறது. கைகள் பெரும்பாலும் திரும்பின. இடது காலும் திரும்பியது. உரிந்த உறையை நரம்பு தானே மறுபடி சுற்றிக்கொள்கிறது என்பதை மின்சோதனைத் தாளின் கோடுகளில் பார்த்தேன். அதைப்போல ஓர் அற்புதத்தை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. வலது பாதம் மட்டும் தொங்குகிறது. அங்கே உறையோடு உள்ளிழையும் கெட்டுவிட்டது.

"ஆனியிலேயே உங்கிட்டக் கூட்டிட்டு வந்திருந்தா?" என்று மாணவியைக் கேட்டேன்.

"சீக்கிரம் வந்தா நல்லதுதான் சார். ஆனா இந்தக் கால் தப்பிச்சிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. எங்களுக்கே தெரியல. அதத் தெரிஞ்சுக்கிடத்தான் வீடு வீடாப் போறேன்."

ஆறுதலுக்காகக்கூட அவள் ஒரு பொய் சொல்லவில்லை.

ஆராய்ச்சிக்கு என் மனைவியின் ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்றாள். சம்மதப் படிவத்தில் நோயாளியே கையெழுத்திட வேண்டும். என் மனைவி பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதத் தொடங்கினாள். மூன்றாவது எழுத்தில் பேனா வழுக்கியது. நான் பிடித்துவிடப் போனேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள்.