வெள்ளையாய் வாங்கிய பூனை

ஒரு பூனைக்காக விஷகடி வைத்தியம் செய்கிற பரியாரியைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்த ஆள் கிளிநொச்சியில் நான் ஒருவன்தான். இதில் எனக்குப் போட்டி இல்லை. அந்தக் கதையை மற்றவர்கள் சொல்லும்போது நான் கோவணத்தோடு ஓடியதாகவும் வருகிறது. கோவணம் பொய். சாரம் கட்டியிருந்தேன். மற்றதெல்லாம் ஏறக்குறைய உண்மை என்பதுதான் வெட்கக்கேடு.

ஐம்பதுகளின் கடைசியில் நான் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது திறக்கப்படுகிறது என்று எழுதி வைப்பது சம்பளத்துக்கான வேலை. வருகிறவர் போகிறவரைப் பகிடி பண்ணுவது சம்பளமில்லாத வேலை. இரண்டாவதைத்தான் நான் ஒழுங்காகச் செய்தேன். நாற்பதைத் தொட்ட பிறகும் வாய் அடங்கவில்லை.

எங்கள் எஞ்சினியர் பறங்கிக்காரர். அவருடைய மனைவியை நாங்கள் நோனா என்போம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. மாரி தொடங்குகிற காலத்தில் ஒரு நாள் அவர் ஒரு பிரம்புக் கூடையோடு எங்கள் குவாட்டேர்ஸுக்கு வந்தார். கூடைக்குள் ஒரு பூனைக்குட்டி.

பூனையென்றால் நமக்கு உருண்டை முகமும் உப்பிய கன்னமும்தானே? இதற்கு முகம் மூன்று மூலை. தலைக்குப் பொருந்தாத பெரிய காதுகள். உடம்பு ஓலைப்பாயைச் சுருட்டினதுபோல நீளம். வால் நுனியில் ஒரு சின்ன முடிச்சு. கண் இரண்டும் நீலம், அதிலும் மூக்குப் பக்கம் திரும்பின கொஞ்சம் வாக்குக் கண். நிறம் மட்டும் பால் வெள்ளை. காது ஓரத்திலும் மூக்கிலும் தேத்தண்ணி தெறித்ததுபோல மெல்லிய ஒரு சாயல் இருந்ததோ என்னவோ, அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

"கிளாக்கர், இது சும்மா பூனை இல்லை. சயாம் ராசாட அரமனையில வளர்ந்த சாதி. அங்க இளவரசி குளிக்கப் போகேக்க மோதிரங்களைக் கழட்டி இதின்ர வாலிலதான் கொளுவி விடுவாவாம். விழாமல் இருக்கத்தான் வாலில முடிச்சு. மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்து கண்ணும் வாக்காப் போச்சாம்."

"அப்ப நோனா, என்ர மனிசியிட்ட இருக்கிற ஒரு மோதிரத்தை இனி இதின்ர வாலில போட்டு வைக்கலாம்."

"பகிடியை விடுங்கோ. அம்மாவுக்குக் கொழும்பில ஒப்பரேசன். நாங்கள் வர ரெண்டு மாசமாகும். இந்தச் சாதி தனிய இருந்தால் ஏங்கிச் செத்துப்போகும். அதுதான் உங்களிட்டக் கொண்டுவந்தனான். ஒண்டு சொல்லவேணும், இது வளர வளர..."

"நோனா, பூனையைப் பற்றி எனக்கோ சொல்லுறியள்? ஏழு தலைமுறையா எங்கட வீட்டில பூனை. நீங்கள் தந்த மாதிரியே, ஒரு மயிர் குறையாமல் திருப்பித் தருவன்."

நோனா சிரித்துவிட்டார். வெளியே எஞ்சினியர் ஜீப்பின் ஹோர்னை அடித்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவர் போய்விட்டார். என் வாய் ஒரு கணம் பொறுத்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது.

உண்மையில் எங்கள் வீட்டில் ஒரு தலைமுறையிலும் பூனை இருந்ததில்லை. நாய்தான்.

வந்த அன்றே அது பேசத் தொடங்கியது. மியாவ் என்றால் நான் பொறுத்திருப்பேன். இது கைக்குழந்தை வீறிடுகிற குரல். பிள்ளையில்லாத எங்கள் வீட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டதும் பக்கத்து வீட்டு மனிசி கொத்தமல்லித் தண்ணியோடு ஓடி வந்துவிட்டார். நாங்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லும். பதிலுக்கு நாங்கள் பேசாவிட்டால் கோபித்துக்கொண்டு இன்னும் உரத்துக் கத்தும். என் மனைவிதான் விரால் அவித்து முள்ளெடுத்து ஊட்டினார். அது ஒட்டிக்கொண்டதோ என்னோடு. நான் கந்தோருக்கு வெளிக்கிட்டால் படலை வரைக்கும் நாய்போலப் பின்னால் வரும். திரும்பி வந்தால் சைக்கிள் சத்தம் கேட்டே வாசலில் நிற்கும். கதிரையில் இருந்தால் தோளில் ஏறிக் காதுக்குள் முறைப்பாடு சொல்லும்.

"உங்களைப் போலதான்," என்றார் மனைவி. "வாய் மூடாது."

கொஞ்ச நாளில் அதன் காது கறுக்கத் தொடங்கியது.

முதலில் கரி என்று நினைத்தோம். மாரிக் குளிருக்கு அது குசினி அடுப்படியில்தான் படுக்கும். நான் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். காது வெளுக்கவில்லை. என் இரண்டு கையும்தான் கீறல் கீறலாகின. பிறகு மூக்கு கறுத்தது. பிறகு நாலு பாதமும் சப்பாத்துப் போட்டதுபோல மண்ணிறமாகின. வால் அடிவரைக்கும் புகை பிடித்தது.

"இஞ்சாருங்கோ, நோனா வெள்ளைப் பூனையெல்லோ தந்தவா?" என்று மனைவி ஒவ்வொரு காலையும் கேட்டார், எனக்குத் தெரியாததுபோல.

வெள்ளையாய் வாங்கியதை வெள்ளையாய்த் திருப்பிக் கொடுக்கவேண்டும். அந்த ஒரு நினைப்பைத் தவிர வேறொன்றும் என் தலைக்குள் நிற்கவில்லை. வாய்க்கால் திறக்கிற கணக்கை எழுதும்போதும் வாய்க்காலில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறமாதிரி இருந்தது. கொழும்புக்குத் தந்தி அடிக்கலாம். 'பூனை கறுக்கிறது' என்று நான் எழுதிக் கொடுத்தால் தபாற்கந்தோரில் அதை வாசித்துவிட்டு ஊர் முழுக்கச் சொல்லுவார்கள். ஆயிரம் பேரைப் பகிடி பண்ணினவனுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் பூனை இல்லை. குசினிக்குப் பின்னால், விறகு அடுக்குக்குப் பக்கத்தில், பாம்பு கழற்றிப் போட்ட செட்டை ஒன்று புத்தம் புதிதாய்க் கிடந்தது. அதற்குக் கிட்ட பூனை சுருண்டு படுத்திருந்தது. கூப்பிட்டேன், பேசவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக அது பேசவில்லை. காது கறுப்பு, மூக்கு கறுப்பு, கால் கறுப்பு.

விஷம் ஏறினால் உடம்பின் நுனிகள்தான் முதலில் கறுக்கும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளையும் சொல்லும். அது மூன்று கிழமையாகக் கறுத்துக்கொண்டிருந்தது என்பதும், பாம்புக்கடி மூன்று கிழமை காத்திருக்காது என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

பாம்புக்கடிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சேதி வந்தால் பரியாரி எடுத்த கவளத்தையும் வைத்துவிட்டு எழும்பவேண்டும். காசு வாங்கக்கூடாது. கடிபட்டவரைப் பார்த்து மருந்து செய்யாமல் திரும்பக்கூடாது. சேதி கொண்டு போகிறவன் வழியில் ஒருவரோடும் கதைக்கக்கூடாது, கதைத்தால் மருந்து பலிக்காது. வாயாடியான நான் அன்றைக்குத்தான் அந்த முறையை ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினேன்.

"என்ன கிளாக்கர், என்ன நடந்தது?" என்று சந்திக் கடைக்காரர் கத்தினார். நான் பேசவில்லை. "பாம்போ? ஆருக்கு? மனிசிக்கோ?" பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. அவர் கடையைப் பூட்டினார்.

பரியாரி துணுக்காய்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் குடியேற்றத்தில் காணி எடுத்தவர். வயலால் வந்து சோற்றில் கை வைத்திருந்தார். நான் முற்றத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழும்பினார். சேதி கொண்டு வந்தவன் எந்தக் காலில் நிற்கிறான், எங்கே தொடுகிறான் என்று பார்த்தே, கடிபட்டது ஆணோ பெண்ணோ, பிழைக்குமோ என்று பரியாரிமார் சொல்லிவிடுவார்கள். நான் எங்கே தொட்டேனோ தெரியாது.

"பொம்பிளைப் பிறவி," என்றார். "உயிருக்கு மோசமில்லை. நட."

பூனை பெட்டைதான். ஆகவே நான் மறுக்கவில்லை.

அவர் என் சைக்கிளின் பின்னால் ஏறினார். நாங்கள் வந்து சேரும்போது எங்கள் முற்றத்தில் பாதிக் கிளிநொச்சி நின்றது. ஆரோ வண்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டு மனிசி நிலத்தில் இருந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கமான மனிசியெல்லோ! இந்தப் பகிடிக்காரனோட கிடந்து சீரழிஞ்சு, கடைசியில பாம்புக்கும்..."

அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியிலிருந்து என் மனைவி வாளியும் கையுமாய் வந்தார்.

"ஆருக்கு என்ன?"

ஒருவர் ஐயோ என்று கத்திக்கொண்டு வண்டிலில் ஏறினார். பக்கத்து வீட்டு மனிசிக்கு அழுகை பாதியில் நின்று விக்கல் எடுத்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனிமேல் பேசலாம். ஆனால் இப்போதுதான் எனக்குப் பேச்சு வரவில்லை. கையை மட்டும் விறகு அடுக்குப் பக்கம் நீட்டினேன்.

பூனை எழும்பியிருந்தது. சனத்தைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது.

பரியாரி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சோத்தை விட்டிட்டு வந்தனான்," என்றார் மெதுவாக. "பூனைக்கோ?"

"ஐயா, கறுத்துப் போச்சு..."

"எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து நான் அனுங்கிக்கொண்டு கிடக்க," என்றார் மனைவி எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த மனிசன் ஒரு தேத்தண்ணி வச்சுத் தரேல்லை. கந்தோரில வேலையாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு போனார். பரியாரிதான் போகவில்லை, போகவும் முடியாது. எழும்பி வந்துவிட்டார், மருந்து செய்யாமல் திரும்பக்கூடாது.

"பூனையெண்டாலும் முறை முறைதான். பொம்பிளைப் பிறவி எண்டு சொன்னனான், சரியோ? உச்சியை வழிச்சு மருந்து வைக்கவேணும். இதுக்கு உச்சி காணாது. முதுகில வழிப்பம். உன்ர சேவ் அலகைக் கொண்டுவா."

அவர் பச்சிலை அரைத்தார். வழித்தது நான். காது கழுவினதற்கு என் கையைக் கிழித்த பூனை அன்றைக்கு அசையவில்லை. மடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த வாக்குக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு, குரல் தணித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. என்னை நம்பிவிட்டது. உள்ளங்கையளவு இடம் மொட்டையாகியது.

நாங்கள் சாப்பிட்டுப் போகச் சொல்லியும் பரியாரி நிற்கவில்லை. ஆனால் மருந்து பலித்தது என்றே நாங்கள் நம்பினோம். பூனை பழையபடி கத்தியது, சாப்பிட்டது. கறுப்பு மட்டும் போகவில்லை. "விஷம் இறங்கினாலும் கறை நிக்கும்," என்று பரியாரி சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு மொட்டையடித்த இடத்தில் புது மயிர் முளைத்தது. அதுவும் கறுப்பாக. சுற்றிலும் வெள்ளை, நடுவில் தார் ஊற்றினதுபோல ஒரு திட்டு. விஷம் முதுகால் வெளியே வருகிறது என்று நான் நினைத்தேன். அந்த நாட்களில் எனக்கு நித்திரை இல்லை. நோனா வந்து கேட்கும்போது சொல்வதற்கு எத்தனையோ கதை கட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் பூனை வெள்ளையாகவில்லை.

நோனா வந்தார். நான் கூடையை நீட்டிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடி என்ர ராசாத்தி! என்ன வடிவாக் கறுத்திட்டா!"

நான் நிமிர்ந்தேன்.

"இந்தச் சாதி வெள்ளையாய்த்தான் பிறக்கும், கிளாக்கர். வளர வளர மூஞ்சியும் காதும் காலும் வாலும் கறுக்கும். குளிரெண்டால் கெதியாக் கறுக்கும். அண்டைக்கு அதைச் சொல்லத்தானே வெளிக்கிட்டனான்?" கூடைக்குள் கைவிட்டுத் தூக்கியவர் நின்றார். "இது என்ன முதுகில?"

என் மனைவி குசினிக்குள் போய்விட்டார். நான் சொன்னேன். பாம்புச் செட்டையிலிருந்து சேவ் அலகு வரைக்கும் எல்லாம் சொன்னேன். நோனா கதிரையில் இருந்து, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வழித்த இடத்துத் தோலில் குளிர் பட்டால் அங்கேயும் கறுப்பாகத்தான் முளைக்குமாம். ஒரு மயிர் குறையாமல் தருவேன் என்றவன் உள்ளங்கையளவு குறைத்து, அதையும் நிறம் மாற்றிக் கொடுத்திருந்தேன். அந்தப் பூனையில் பழுதென்று இருந்தது நான் வைத்தது ஒன்றுதான்.

அடுத்த நாள் பரியாரி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டுச் சோறு போடச் சொன்னார். நான் கவளத்தை எடுத்த நேரம், "எழும்பு," என்றார். எழும்பினேன். "இப்ப விளங்குதோ?" என்றார். விளங்கியது. பிறகு இருக்கச் சொன்னார்.

அந்தத் திட்டு மயிர் உதிர்ந்து மாறப் பல மாதம் சென்றது. அதுவரைக்கும் கொழும்பிலிருந்து எந்தத் துரை வந்தாலும் எஞ்சினியர் பங்களாவுக்கு என்னையும் கூப்பிடுவார்கள். நோனா பூனையைத் தூக்கிக் காட்டுவார்.

"மூஞ்சி, காது, கால், வால், எல்லாம் சயாமால வந்தது. முதுகு மட்டும் எங்கட கிளாக்கரால வந்தது."

எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோருக்கும் முதல் நான் சிரிப்பேன், அதுதானே என் தொழில். பூனையோ நோனாவின் கையிலிருந்து குதித்து நேரே என்னிடம் வரும். மடியில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கும். நான் அந்தத் திட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்வேன். தடவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அது எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி இன்னும் பலமாய்க் கத்தும்.