பல் முளைக்காத ஆதாம்

கையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அப்படித் திண்டாடி நான் பார்த்ததில்லை. இரண்டு வாரம் ஆகிறது. இப்போதுதான் எனக்கே மூச்சு சீராக வருகிறது... எழுதுகிறேன்.

எங்கள் துறைமுக ஆபீஸில் டிபன் பாக்ஸ் திறந்தால் கூடவே ஒரு சண்டையும் திறக்கும். சேவியர் — கடற்கரைக் கத்தோலிக்கர். டேனியல் — பக்கத்து ஊர் நாசரேத்துக்காரர். விவரம் தெரிந்து மனந்திரும்பியவனுக்குத்தான் ஞானஸ்நானம் என்கிற சபை. எனக்கு இரண்டு கோயிலும் கிடையாது. ஊறுகாய் மட்டும் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொள்வேன்.

பிறந்த குழந்தைக்குப் பாவம் உண்டா? இதுதான் சண்டை.

“ஆதாம் பழம் தின்னதுக்குப் பச்சப்புள்ளைக்குப் பல்லு கூசுமோ? அதுக்குப் பல்லே கெடயாதுலே!” என்பார் டேனியல்.

“வள்ளத்துல ஓட்ட போட்டது ஒன் பாட்டன்னாலும் தண்ணி ஒன் காலைத்தானல நனைக்கும்? அதாம்ல ஜென்மப் பாவம்!” என்பார் சேவியர். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கிற குழந்தை மோட்சத்துக்குள் போக முடியாது என்பது அவர் வீட்டாரின் நம்பிக்கை.

அந்த வியாழக்கிழமை சேவியர், கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குச் சரக்கு சரிபார்க்கப் போயிருந்தார். லாஞ்ச் படகு சாயங்காலம்தான் திரும்பும். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். அவர் மனைவி மேரிக்கு எட்டாம் மாதமே பிரசவம்! டேனியலும் நானும் ஒரே சைக்கிளில் பறந்தோம்.

குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. நர்ஸின் இரண்டு கையும் ஆக்சிஜனில். டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பங்குச் சாமியாரைத் தேடிப் போன ஆள், அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று திரும்பிவிட்டான்.

மேரி கட்டிலில் கிடந்தபடியே டேனியலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “அண்ணாச்சி, ஆபத்துன்னா யாரும் ஞானஸ்நானம் குடுக்கலாமாம். இல்லன்னா எம்புள்ள வெளியவே நின்னுரும் அண்ணாச்சி... குடுங்க!”

என்னிடம் கேட்டிருந்தால் ஊற்றியிருப்பேன். எனக்கென்ன நஷ்டம்? டேனியலுக்கு அப்படியா? இத்தனை வருஷம் தப்பு, தப்பு என்று சாதித்ததைத் தன் கையாலேயே செய்ய வேண்டும்.

டம்ளரை எடுத்தார். பெயர் சொல்லி ஊற்ற வேண்டுமே... என்ன பெயர்? கேட்க நேரமில்லை. தினமும் சண்டை போட்டுப் பழகிய வாய் —

“ஆதாமே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.”

மூன்றாவது தடவை தண்ணீர் விழுந்ததும் — வீல்!

அப்பாடா... என்ன ஒரு அழுகை! ஜில் தண்ணீர்தான் காரணம் என்றார் நர்ஸ். அதை மேரியிடம் சொல்லிப் பாருங்கள். டேனியல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

கொள்கையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்கும். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கம் போனால்தான் ஆள் யாரென்று தெரிகிறது.

சாமியார் வந்து விசாரித்தார். ஞானஸ்நானம் செல்லும் என்றார். பெயரையும் அப்படியே பதிந்துகொண்டார். அந்தோணி என்று நேர்ந்திருந்த வீட்டில் இப்போது ஆதாம்!

நேற்று பிள்ளையைப் பார்க்கப் போனோம். சேவியர் சும்மா இருப்பாரா?

“ஏலே, பாவமே இல்லாத புள்ளைக்கு எதுக்குல தண்ணி ஊத்துன?”

“தங்கச்சி அழுதால்லா? அப்பவும் என்னய வாதம் பண்ணிக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?”

சேவியர் தொட்டில் பக்கம் போனார். பிள்ளையை எடுத்து டேனியல் மடியில் வைத்தார்.

ஜென்மப் பாவம் உண்டா, இல்லையா? அது நாளை டிபன் பாக்ஸோடு மறுபடி திறக்கும். ஆனால், செய்த பாவம் ஒன்றுக்கு நானே சாட்சி — டேனியலின் வெள்ளைச் சட்டையை நனைத்துவிட்டான் ஆதாம்!