எழுபத்திரண்டும் பன்னிரண்டும்

அறுபதுகளில் துறைமுகத்தருகே ஒரு பட்டறையில், கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டும் முக்குளிப்பவர்களுக்குக் காற்று சிலிண்டர் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. இரண்டு வகை வைத்திருந்தோம். அமெரிக்க சிலிண்டரோடு வந்த தாளில் எழுபத்திரண்டு கன அடி என்றிருந்தது. பிரெஞ்சு சிலிண்டரின் கழுத்தில் பன்னிரண்டு லிட்டர் என்று பொறித்திருந்தது. அப்போது எங்களுக்கெல்லாம் கேலன்தான் பழக்கம், லிட்டரை யார் கண்டது? எழுபத்திரண்டுதான் பெரிது என்று முடிவுகட்டினேன். யாரையும் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

தாமதமாக வருகிறவருக்குப் பிரெஞ்சு சிலிண்டர்தான் என்று ஒரு தண்டனையும் வைத்தேன். ஒருவர் ஃபேரர் பார்க் திடலில் பந்தாடிவிட்டு தினமும் தாமதமாக வருவார். ஆனால் அந்தச் சிலிண்டரோடும் மற்றவர்கள் இருக்கும் நேரம்வரை அவரும் தண்ணீருக்குள் இருந்தார். "இவரைப் பாத்து மூச்சு விடக் கத்துக்குங்க" என்று மற்றவர்களைத் திட்டுவேன்.

ஒருநாள் சோதனைக்காக இரண்டிலும் தண்ணீர் நிரப்பினோம். அதை மண்ணெண்ணெய் டின்னில் கொட்டி அளந்தால் இரண்டும் ஒரே அளவு. அமெரிக்கர்கள் உள்ளே அழுத்தி அடைக்கும் காற்றின் அளவைச் சொல்லியிருக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே இருக்கும் இடத்தின் அளவை.

பந்தாடுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எனக்கு மொத நாளே தெரியும்ணே" என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நேரத்துக்கு வரச் சொல்லுவீங்க லா."

மறுநாளும் தாமதமாகத்தான் வந்தார். எந்த சிலிண்டரைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.